விமானங்களுக்கு வீடு வேண்டுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள பூங்காவில் ஒரு பழைய போர் விமானத்தைக் கண்டேன். 'நாட்' என்னும் சிறு விமானம் அது. சிமெண்டுப் பீடத்தின்மேல், மூக்கை வானை நோக்கி உயர்த்தி, இப்போதே பறந்துவிடுவேன் என்பதுபோல் நின்றது. அருகே சென்றபோதுதான் அதன் உண்மை நிலை புலப்பட்டது. விமானி அமரும் இடத்தை மூடிய கண்ணாடி, கண்ணில் புரை விழுந்தாற்போல் மங்கிக் கிடந்தது. சக்கரங்களின் ரப்பர் வெடித்திருந்தது. பின்புறக் குழாயில் மைனாக்கள் வைக்கோலும் குப்பையும் சேர்த்துக் குடியேறியிருந்தன. இறக்கையின் அடிப்புறத்தில் விரலால் தட்டினேன். வண்ணப்பூச்சு மட்டுமல்ல, தகடே சருகு சருகாக உதிர்ந்தது.

என்னுடன் வந்திருந்த என் தமையனார் மகன் கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். அவன் என்னைப் பார்த்து, "சிற்றப்பா, மழையிலும் இடியிலும் பறந்த விமானந்தானே இது? நிற்கும்போது மட்டும் மழை இதை என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டான்.

சரித்திரம் கற்பிப்பவனாகிய எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. விமானப் படையில் நெடுங்காலம் இயந்திரப் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் பின்னர் அதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பறக்கும் விமானம் ஒருநாளும் தனியாக இருப்பதில்லை ஐயா. அதுதான் வேறுபாடு" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. பணியில் இருக்கும் விமானத்தை நாள்தோறும் பலர் கழுவுகிறார்கள், துடைக்கிறார்கள், எண்ணெய் இடுகிறார்கள். மூடிகளைத் திறந்து உள்ளே பார்க்கிறார்கள். ஒரு தகட்டில் வெண்பொடி பூத்தால் அன்றே சுரண்டி மருந்து பூசுகிறார்கள். முடியாவிட்டால் தகட்டையே மாற்றிவிடுகிறார்கள். ஓய்வுபெற்றுப் பீடத்தில் ஏறிய விமானத்துக்கு இந்தப் பணிவிடைகள் யாவும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. மழை பெய்கிறது, நீர் இடுக்குகளில் தேங்குகிறது, அதை வடிய விடுவதற்கென்று அமைந்த சிறு துளைகளைத் தூசியும் கூடுகளும் அடைத்துவிடுகின்றன.

உலோகத்தின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. விமானத்தின் உடல் பெரும்பாலும் டுராலுமின் போன்ற கலப்பு உலோகத்தால் ஆனது. அலுமினியத்தோடு சிறிதளவு செம்பைச் சேர்த்தால் வலிமை பன்மடங்கு பெருகும். ஆனால் தூய அலுமினியத்துக்கு இயற்கையிலேயே உள்ள அரிப்பைத் தாங்கும் குணம் குறைந்துபோகும். இத்தகைய தகடும் எஃகு ஆணியும் தொடும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் சேருமானால், அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடுகிறது. பௌதிக வகுப்பில் நீங்கள் ஒளியேற்றிப் பார்க்கும் அதே மின்கலந்தான். அதில் கரைந்துபோவது அலுமினியம். வெயிலோ வேறு விதமாக வேலை செய்கிறது. ரப்பரையும் துணியையும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கையும் அது நொறுங்கச் செய்கிறது. மரத்தால் ஆன பழைய விமானமாயின், பசை விட்டுப் பலகை பலகையாகப் பிரிந்துவிடும்.

இந்த வகையில் உலகின் முதல் விமானத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணற்பரப்பில் ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தார்கள். முதல் முறை 12 விநாடி, 120 அடி. நான்காம் முறை 59 விநாடி, 852 அடி. இவ்வளவும் எல்லாரும் அறிந்ததே. நான்காம் பயணத்துக்குப் பின் நடந்ததைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. விமானம் தரையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. திடீரென்று வீசிய பெருங்காற்று அதைத் தூக்கிப் புரட்டி உடைத்துவிட்டது. அதன்பின் அது ஒருபோதும் பறக்கவில்லை. பறத்தலுக்கு இலக்கணம் வகுத்த அந்த இயந்திரத்தின் பறக்கும் வாழ்வு முடிந்தது வானத்தில் அன்று, திறந்த வெளியில் நின்றபோதுதான்!

உடைந்த பகுதிகளைப் பெட்டிகளில் அடைத்துத் தங்கள் ஊராகிய டேட்டனுக்குக் கொண்டுசென்றார்கள். 1913-இல் அவ்வூரில் பெருவெள்ளம் வந்தபோது பெட்டிகள் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்தன. 1928-இல் இலண்டன் அறிவியல் காட்சிசாலைக்குச் சென்று, 1948-இல் மீண்டும் அமெரிக்காவுக்கு வந்து, அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இடம்பெற்றது. இன்றும் அங்கே கூரையின் கீழ்தான் உள்ளது. ஆயினும் அதன் இறக்கைத் துணி 1927-இலும் 1985-இலும் புதிதாக மாற்றப்பட்டது. வீட்டுக்குள் வைத்தாலும் காலம் விட்டுவைப்பதில்லை. ஆனால் அது மெல்ல வருகிறது, நாம் ஈடுகொடுக்க முடிகிறது.

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற 'மெம்பிஸ் பெல்' என்னும் குண்டுவீச்சு விமானத்தின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். பி-17 இனத்தைச் சேர்ந்த அது, இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஐரோப்பாவின்மீது 25 தாக்குதல்களை முடித்து 1943-இல் அமெரிக்கா திரும்பியது. அக்காலத்தில் 25 முறை சென்று உயிரோடு திரும்புவது அரிது. திரைப்பட இயக்குநர் வில்லியம் வைலர் அதைப்பற்றி எடுத்த படம் 1944-இல் வெளிவந்து அதன் பெயரை நாடெங்கும் பரப்பியது. இத்தனை புகழ் பெற்றும், போர் முடிந்ததும் அந்த விமானம் உருக்கப்படும் வரிசையில் போய் நின்றது. மெம்பிஸ் நகரத்தார் அதைக் கேள்வியுற்று, 1946-இல் 350 டாலருக்கு வாங்கித் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணந்தான், அவர்கள் அன்று வாங்கியிராவிட்டால் இன்று பேசுவதற்கே பொருள் இராது.

ஆனால் நகரத்தாரிடம் விமானம் இருந்ததேயன்றி வீடு இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது வெட்டவெளியில் நின்றது. மழையும் வெயிலும் செய்த தீங்கு ஒருபுறம். அன்பு செய்த தீங்கு மறுபுறம். பார்க்க வந்தவர்கள் நினைவுப்பொருளாக ஒரு கருவி, ஒரு குமிழ், ஒரு தகட்டுத் துண்டு என்று கழற்றிக்கொண்டு போனார்கள். உட்புறம் வெறுமையாயிற்று. 1987-இல் நன்கொடை திரட்டி, ஆற்றிடைத் தீவு ஒன்றில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். மேலே கூரை உண்டு. பக்கங்களில் சுவர் இல்லை. ஆற்றின் ஈரக்காற்று தாராளமாக உள்ளே வந்தது. புறாக்களும் வந்தன. பறவை எச்சத்தில் உள்ள அமிலம் உலோகத்துக்கு எவ்வளவு பொல்லாதது என்பதை நம் கோயிற் கோபுரச் செப்புக் கலசங்களைப் பராமரிப்பவர்கள் அறிவார்கள். முடிவில் 2005-இல் விமானம் டேட்டன் நகரிலுள்ள அமெரிக்க விமானப் படையின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. பதின்மூன்று ஆண்டுகள் பழுது பார்த்தார்கள். 2018 மே 17 அன்று, அதன் குழுவினர் தங்கள் கடைசித் தாக்குதலை முடித்துச் சரியாக 75 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், மூடிய கூடத்தில் அதைப் பொதுமக்கள் மீண்டும் கண்டார்கள். போரில் அது பணியாற்றியது ஓராண்டுக்கும் குறைவு. வெளியில் நின்று கெட்டதைச் சரிசெய்யப் பதின்மூன்று ஆண்டு!

ஹிரோஷிமாவின்மீது 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டை வீசிய 'எனோலா கே' விமானத்துக்கும் இத்தகைய கதியே நேர்ந்தது. அப்படிப்பட்ட ஒன்றைப் பாதுகாக்கவும் வேண்டுமா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. சரித்திரத்தின் சான்றுகளில் நமக்கு இனியவற்றை மட்டும் காப்பது சரித்திரமாகாது. ஸ்மித்சோனியனுக்கு 1949-இலேயே உரியதாகியும், வைக்க இடமில்லாமையால் அது பல விமானத் தளங்களில் கிடந்தது. 1953 முதல் 1960 வரை வாஷிங்டனுக்கு அருகே ஒரு தளத்தின் மூலையில் திறந்தவெளியில் நின்றது. பறவைகள் கூடு கட்டின. மனிதர்கள் உடைத்துத் திருடினார்கள். பின்னர்ப் பிரித்துக் கிடங்கில் வைத்தார்கள். 1984-இல் செப்பனிடத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று இலட்சம் மணி நேர உழைப்பைச் செலவிட்டு, 2003-இல்தான் முழு உருவில் ஒரு பெருங்கூடத்தில் நிறுத்தினார்கள்.

இவ்வளவும் கேட்டபின், எல்லா விமானங்களையும் உள்ளே வைத்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுபக்கமும் உண்டு, அதை இலேசாகத் தள்ள முடியாது.

முதலாவது, அளவு. பி-52 என்னும் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 56 மீட்டர். இங்கிலாந்தில் டக்ஸ்போர்டு என்னுமிடத்தில் 1997-இல் திறக்கப்பட்ட அமெரிக்க விமானக் காட்சிசாலையை நார்மன் பாஸ்டர் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்தார். அந்த ஒரு விமானம் அடங்க வேண்டும் என்பதே அக்கட்டடத்தின் அளவை வகுத்தது. எல்லா ஊர்களுக்கும் இது இயலுமா? இரண்டாவது, காட்சியின் தன்மை. கூடத்துள் இடம் பற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விமானங்களைத் தொங்கவிடும்போது, வௌவால் மண்டபத்துக்குள் நுழைந்த உணர்ச்சியே சிலவேளை உண்டாகிறது. இங்கிலாந்தின் காஸ்போர்டில் 2007-இல் திறக்கப்பட்ட பனிப்போர்க் கூடத்தில் ஒரு 'லைட்னிங்' விமானத்தைச் செங்குத்தாக நிறுத்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்க்க வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் தரையில் சக்கரமூன்றி, முழு நீளத்தோடு, பின்னால் வானம் தெரிய நிற்கும் ஒரு விமானத்தைச் சுற்றி நடக்கும்போது மனத்தில் எழும் பெருமிதத்தை அந்தக் கூடம் தராது என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, தட்பவெப்பம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகருக்கருகே பீமா என்ற பெயரில் ஒரு விமான அருங்காட்சியகம் 1976-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ நானூறு விமானங்கள் அங்கு உள்ளன. அவற்றில் பெரும்பகுதி பாலைவனத்து மணலிலேயே வரிசையாக நிற்கின்றன. மழை மிகக் குறைவு, காற்றில் ஈரம் இல்லை, தரை கெட்டி. உலோகம் பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கிறது. அமெரிக்க விமானப் படை தனக்கு வேண்டாத விமானங்களை அதன் அருகிலேயே நிறுத்திவைத்திருப்பதும் இதனால்தான். வெயிலுக்காகக் கண்ணாடிகளை வெள்ளைப் பூச்சால் மூடிவிட்டால் போதும் என்பது அவர்கள் அனுபவம்.

இருந்தாலும் அந்தப் பாலைவனத்தார்கூடச் சிலவற்றைக் கூடத்துள் எடுத்துவைத்திருக்கிறார்கள். அவ்வாறு உள்ளே சென்ற ஒன்றுக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

போர்க்காலத்தில் அமெரிக்கா 'லிபரேட்டர்' என்னும் நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானங்களைப் பதினெட்டாயிரத்துக்கும் மேலாகக் கட்டியது. அவற்றுள் பிரிட்டிஷாரிடம் இருந்த சில, போர் முடிந்தபோது கான்பூரில் குவிந்திருந்தன. ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பித் தரவேண்டும், அல்லது பயன்படாதபடி செய்துவிட வேண்டும். ஆகவே அவற்றை உடைத்துச் சிதைத்துவிட்டுப் போனார்கள். சுதந்திரம் பெற்ற இந்தியாவுக்குக் கனரக விமானம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அந்தக் குப்பைக் குவியலிலிருந்து ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, ஏறத்தாழ நாற்பது விமானங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். கான்பூரில் பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு, பெங்களூர்வரை ஓட்டிவந்து, பிறகு முழுமையாகச் செப்பனிட்டார்கள். 1948 முதல் 1968 முடிவுவரை அவை நம் விமானப் படையில் பணியாற்றின.

அதற்குள் மற்ற நாடுகளில் லிபரேட்டர்கள் எல்லாம் பானைகளாகவும் சட்டிகளாகவும் உருகிப்போயிருந்தன. பதினெட்டாயிரத்தைக் கட்டிய உலகம், ஒன்றைக் காட்சிக்கு வைக்க வேண்டுமானால் இந்தியாவிடம் கேட்க வேண்டிய நிலை ஏற்பட்டது! 1968-இல் ஒன்று கனடாவுக்குச் சென்றது. 1969-இல் ஒன்று டூசானுக்குப் பறந்தது. பீமாவில் கூரையின் கீழ் இருப்பது அதுவே. 1974-இல் ஒன்று இங்கிலாந்து சென்று, அந்நாட்டு விமானப் படை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதுவும் இப்போது கூரையின் கீழ் உள்ளது. நாம் நமக்கென்று வைத்துக்கொண்ட ஒன்று புது தில்லிப் பாலம் நிலையத்தில் 1967-இல் நிறுவப்பட்ட விமானப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த அருங்காட்சியகத்தின் கொட்டகையில், நம் விமானப் படை 1933-இல் முதன்முதல் பறந்த 'வாப்பிட்டி' வகையில் உலகில் எஞ்சிய ஒரே விமானம் பத்திரமாக இருக்கிறது. கொட்டகையில் அடங்காத லிபரேட்டரோ பல்லாண்டுகளாக வெளியில் நின்றது. தில்லியின் கோடையையும் பருவமழையையும் பனிமூட்டத்தையும் அறிந்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் குறை கூறுவது என் நோக்கமன்று. முதலில் காப்பாற்றி வைத்தார்களே என்று வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் 'இப்போதைக்கு வெளியில் நிற்கட்டும், பணம் கிடைத்ததும் கொட்டகை கட்டலாம்' என்ற சொல் எவ்வளவு அபாயமானது என்பதற்கு, மேலே சொன்ன காஸ்போர்டிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன். பனிப்போர்க் கூடம் திறக்கப்படுவதற்கு முந்திய ஆண்டு, 2006-இல், அதே இடத்தில் பல்லாண்டுகளாக வெளியில் நின்ற பயணி விமானங்கள் சிலவற்றுக்கு வந்துகொண்டிருந்த பொருளுதவி நின்றது. வி.சி.-10, டிரைடென்ட், போயிங் 707 ஆகிய மூன்றையும் வெட்டித் துண்டாடினார்கள். தலைப்பகுதியும் உடற்பகுதியும் வேறிடங்களுக்குச் சென்றன, மற்றவை போயின. ஒரு மதிலுக்குள் கூடமும் எழுந்தது, கோடரியும் விழுந்தது. கான்கார்டு விமானங்களுள் இறுதியாகப் பறந்தது 2003 நவம்பர் 26 அன்று பிரிஸ்டல் அருகே பில்டனில் இறங்கியது. அது கூரைக்குள் செல்வதற்கு 2017 ஆயிற்று. அந்த ஊரார் பொறுமையாகப் பணம் திரட்டினார்கள், விமானமும் தாக்குப்பிடித்தது. எல்லா விமானங்களுக்கும் அந்த யோகம் இல்லை.

நம் முன்னோர் எழுத்தைக் காத்த முறையை எண்ணிப் பாருங்கள். கல்வெட்டை வெயிலிலும் மழையிலும் நிற்கும் கோயிற் சுவரில் வெட்டினார்கள். செப்பேட்டை உள்ளே வைத்துக் காத்தார்கள். எது எதைத் தாங்கும் என்பதை அறிந்திருந்தார்கள். விமானம் கல்வெட்டன்று. ஆகையால் என்னைக் கேட்டால், ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பேன்: இது போனால் வேறொன்று உண்டா? நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ள வகையாயின், பூங்காவில் வைக்கலாம்; குழந்தைகள் ஏறி விளையாடித் தேய்த்தாலும் குற்றமில்லை. அங்கும் துளைகளை அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பதும், பறவை புகாமல் வலையிடுவதும், ஆண்டுக்கொருமுறை கழுவி வண்ணமிடுவதும் பெருஞ்செலவல்ல. பிரிட்டனில் விமானத் தள வாயில்களில் காவற்பதுமைகள்போல் நின்ற உண்மையான ஸ்பிட்பயர் விமானங்களை 1980-களின் இறுதியில் இறக்கிவிட்டு, கண்ணாடியிழையால் செய்த போலி உருக்களை நிறுத்தினார்கள். சாலையில் செல்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒன்றே ஒன்று எஞ்சிய விமானமாயின், கூரைக்குப் பணம் கிடைக்கும்வரை பிரித்துக் கிடங்கில் உலர்வாக வைப்பதே மேல். பார்ப்பவர் கண்ணுக்கு மறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எனோலா கேயைக் காத்தது அந்தக் கிடங்குதான்.

பீடம் கட்டப் பணம் கிடைக்கிறது, திறப்புவிழாவுக்கும் கிடைக்கிறது. ஐந்து ஆண்டு கழித்துக் கழுவுவதற்குத்தான் கிடைப்பதில்லை என்று என் நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கை என்று நானும் சிரித்தேன்.

சென்ற ஆண்டு விசாகப்பட்டினம் சென்றிருந்தேன். நம் அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி 2017 மார்ச்சில் ஓய்வுபெற்ற டி.யு.-142 விமானங்களுள் ஒன்று அங்கே கடற்கரைச் சாலையில் நிற்கிறது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அதைக் காட்சிசாலையாகத் திறந்துவைத்தார். இறக்கை விரிவு 50 மீட்டர். கடலின்மேல் தாழப் பறந்து திரும்பும் இத்தகைய விமானங்களைத் தரையிறங்கியதும் நன்னீரால் கழுவுவது வழக்கம் என்று நண்பர் சொல்லியிருந்தார். உப்பு ஒட்டிக்கொண்டு இருக்கலாகாதாம். நான் போன மாலையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக அதனுள் ஏறி, விமானிகள் அமர்ந்த இடத்தை எட்டிப் பார்த்து, ஆரவாரத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அந்த மகிழ்ச்சியை ஒரு மூடிய கூடத்துக்காகத் தள்ளிப்போட்டிருக்க வேண்டுமா என்று எனக்கே சற்று நேரம் ஐயம் உண்டாயிற்று. பிறகு இறக்கையின் கீழே போய் நின்றேன். அலைகள் மிக அருகில் ஒலித்தன. காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைத்த கைக்குட்டை உப்பில் பிசுபிசுத்தது.